சொற்பொருள் அறிந்து கையொப்பமிடுவோம்: மருத்துவக் காப்பீட்டுச் சொற்கள் கடந்து வந்த பாதை

சென்ற ஆண்டு ஒருநாள் அஸ்ர் தொழுகைக்குப் பின், எங்கள் மஹல்லாவில் தையற்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் ஒரு கற்றைக் காகிதங்களுடன் மத்ரஸாவுக்கு வந்தார். அவருடைய மனைவிக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. மருத்துவமனைக் கட்டணம் 1,40,000 ரூபாய். மூன்று லட்ச ரூபாய்க்கான மருத்துவக் காப்பீட்டிற்கு நான்கு ஆண்டுகளாகத் தவணை தவறாமல் பணம் கட்டி வந்தவர் அவர். ஆனால் நிறுவனம் கொடுத்ததோ 70,000 ரூபாய் மட்டுமே.

"ஹஜ்ரத், மூணு லட்சத்துக்குப் பாலிசி இருக்கு. பில்லு அதுல பாதிகூட வரல. அப்புறம் எப்படி சரிபாதியா வெட்டுனாங்க? நீங்க கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

மாணவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் பற்றிய பிக்ஹுப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் நான். விற்கப்படும் பொருள் தெளிவாக இருக்க வேண்டும், விலை தெளிவாக இருக்க வேண்டும், நிபந்தனை மறைவின்றி இருக்க வேண்டும் என்றெல்லாம் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பேன். அந்தக் காகிதத்தில் இருந்த 'ப்ரபோர்ஷனேட் டிடக்‌ஷன்' என்ற இரு சொற்களுக்கு என்னால் பொருள் சொல்ல இயலவில்லை. இயலாமையை மறைக்க, "கையெழுத்துப் போடும்போதே படிச்சுப் பார்த்திருக்கலாமே" என்று கூறி அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காகிதங்களை மடித்துக்கொண்டு போனார். அன்றிரவு அந்தச் சொல் என்னையே குத்தியது. படித்துப் பார்த்த எனக்கே புரியாததை அவர் படித்திருந்து என்ன பயன்?

ஒன்றைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லுமுன் அது இன்னதென்று தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்பது உஸூல் கலையின் அரிச்சுவடி. காப்பீடு ஆகுமா, ஆகாதா என்று நாம் ஓயாமல் விவாதிக்கிறோம். அதன் சொற்களைப் படித்தறிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதன் பின்னர் சில மாதங்கள் இச்சொற்களின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அப்போது ஓர் உண்மை விளங்கிற்று. காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள கடினமான சொல் ஒவ்வொன்றும் ஒரு பழைய வழக்கின் தழும்பு. எங்கோ ஒருவர் ஏமாற்றினார், எங்கோ ஒருவர் ஏமாந்தார். அதன் பின்னரே அச்சொல் ஒப்பந்தத்தில் ஏறியது. அந்தக் கதை தெரிந்தால் சொல்லும் விளங்கிவிடும்.

சுமையைப் பகிர்தல்: ஒப்பந்தத்திற்கு முந்தைய காலம்

ஒருவர் மேல் விழும் பெருஞ்சுமையைப் பலர் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்வதே காப்பீட்டின் அடிப்படை எண்ணம். இது நமக்குப் புதிதன்று. தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் கொடுக்க வேண்டிய தியத் என்னும் ஈட்டுத்தொகையை அந்த ஒருவர் மட்டும் சுமப்பதில்லை. 'ஆகிலா' எனப்படும் அவருடைய குலத்தார் சேர்ந்து கொடுப்பர். அரபுகளிடம் முன்பே இருந்த இவ்வழக்கத்தை இஸ்லாம் நிலைநிறுத்திற்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் படைவீரர் பதிவேடாகிய 'தீவான்' முறையை ஏற்படுத்திய பின், ஒரே பதிவேட்டில் பெயர் உள்ளவர்களையே ஆகிலாவாகக் கொள்ள வேண்டும் என்பது ஹனஃபி அறிஞர்களின் நிலைப்பாடு. இரத்த உறவின் இடத்தில் பதிவேட்டு உறவு வந்தது. தொகையும் ஒரே நாளில் கேட்கப்படவில்லை. மூன்றாண்டுகளில் கொடுத்துத் தீர்க்க அவகாசம் இருந்தது.

நோயைப் பொறுத்தமட்டில் முஸ்லிம் நாடுகள் வேறொரு வழி கண்டன. டமாஸ்கஸில் 1154இல் சுல்தான் நூருத்தீன் நிறுவிய பீமாரிஸ்தானும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டத் தொடங்கிய மன்சூரி பீமாரிஸ்தானும் வக்ஃப் வருவாயில் இயங்கிய மருத்துவமனைகள். கலாவூன் சுல்தானாவதற்கு முன் டமாஸ்கஸில் கடும் வயிற்றுவலியால் அவதியுற்றபோது நூரி மருத்துவமனையின் மருந்துகளால் குணமடைந்து, தாமும் ஒன்று கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். கடைகள், குளியலகங்கள் முதலியவற்றின் வாடகை இத்தகைய மருத்துவமனைகளின் செலவைத் தாங்கிற்று. அங்கே தவணையும் இல்லை, கோரிக்கை மனுவும் இல்லை. வக்ஃபுகள் நலிந்தபோது அவற்றை நம்பியிருந்த மருத்துவமனைகளும் நலிந்தன. நாம் இன்று கையொப்பமிடும் ஒப்பந்தம் வேறொரு கரையில் பிறந்தது.

ஜெனோவா: பிரீமியம், பாலிசி, அவாரியா

இத்தாலியின் ஜெனோவா நகரில் 1347இல் எழுதப்பட்ட ஒரு கப்பல் ஒப்பந்தமே கிடைத்துள்ள காப்பீட்டு ஒப்பந்தங்களில் மிகப் பழையது எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அதற்கு முன் கடல் வணிகர்கள் வட்டியோடு கூடிய கடலோரக் கடன் வாங்கி வந்தனர். கப்பல் மூழ்கினால் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை. கரை சேர்ந்தால் அதிக வட்டியுடன் தர வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் போப் ஒன்பதாம் கிரெகரி இதனையும் வட்டியே என்று கண்டித்தார். அதன் பின் வணிகர்கள் கடனையும் ஆபத்தையும் பிரித்து, ஆபத்தை மட்டும் தனியே விலைபேசத் தொடங்கினர். அந்த விலைக்குப் பெயர் பிரீமியம். லத்தீனில் 'பரிசு, வெகுமதி' என்பது அதன் வேர்ப்பொருள்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பிரீமியம் என்பது சேமிப்பன்று. ஆபத்தை ஏற்பதற்கான விலை. ஓராண்டு நோயின்றிக் கழிந்தால் அப்பணம் திரும்பாது. "கட்டின காசு வீணாப் போச்சே" என்று வருந்துவோர் இதனை உண்டியல் என எண்ணிவிட்டார்கள்.

பாலிசி என்பது 'போலிஸ்ஸா' என்ற இத்தாலியச் சொல்லின் வழியே வந்தது. 'சான்று' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதன் மூலம். முகவர் வாயால் சொன்னது பாலிசி ஆகாது. காகிதத்தில் இருப்பது மட்டுமே பாலிசி. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு நமக்கு இடப்பட்ட கட்டளை, எழுதப்பட்டதைப் படித்துக்கொள்வதையும் உட்கொண்டதன்றோ?

மத்தியதரைக் கடலில் பிறந்த மற்றொரு சொல் 'அவாரியா'. சேதமுற்ற சரக்கைக் குறிக்கும் இச்சொல், குறை அல்லது பழுது எனப் பொருள்படும் 'அவார்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த நட்டத்தை எல்லா வணிகரும் தத்தம் சரக்கின் மதிப்புக்கேற்ற விகிதத்தில் பகிர்ந்துகொண்டனர். இந்த விகிதக் கணக்கே ஆங்கிலத்தில் சராசரியைக் குறிக்கும் 'ஆவரேஜ்' என்ற சொல்லாக ஆயிற்று. பின்னாளில் தீக்காப்பீட்டில் 'ஆவரேஜ்' விதி வந்தது. பத்து லட்ச ரூபாய்ச் சரக்கை ஐந்து லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவர், பாதி எரிந்தால் முழு ஐந்து லட்சம் கேட்க இயலாது. அதிலும் பாதியே கிடைக்கும். குறைவாகக் காத்தவர் அதே விகிதத்தில் நட்டத்தையும் ஏற்க வேண்டும் என்பது அதன் தர்க்கம்.

தையற்காரச் சகோதரரின் காகிதத்தில் இருந்த ப்ரபோர்ஷனேட் டிடக்‌ஷன், அதாவது விகிதாசாரக் கழிவு, இந்த விதியின் உறவினரே. அவருடைய பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய். அவர் எடுத்த அறையின் வாடகை 6,000 ரூபாய். நான்கு நாள்களுக்குக் கூடுதல் 12,000 ரூபாய்தானே, அதைக் கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று அவர் எண்ணினார். ஆனால் அனுமதிக்கப்பட்டதைப் போல் இருமடங்கு வாடகையுள்ள அறையில் தங்கினால், மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், செவிலியர் கட்டணம் ஆகியவையும் அறைக்கேற்ப உயர்ந்தவை எனக் கொண்டு, அவற்றிலும் பாதியே தரப்படும். அவருடைய கட்டணத்தில் அறைக்கு 24,000, மருத்துவர் முதலியவற்றுக்கு 86,000, மருந்துகளுக்கு 30,000 என்று இருந்தது. மூன்றையும் பாதியாக வெட்டி 70,000 கொடுத்திருந்தார்கள். இங்கே ஒரு பிழை ஒளிந்திருந்தது. அதனை இறுதியில் சொல்கிறேன்.

சுமத்ரா கோட்டையும் மறைத்தல் என்னும் குற்றமும்

பதினெட்டாம் நூற்றாண்டில் காப்பீட்டின் தலைநகர் லண்டன் ஆயிற்று. சுமத்ராத் தீவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மார்ல்பரோ கோட்டைக்கு ஆளுநராக இருந்த ஜார்ஜ் கார்ட்டர் என்பவர், அக்கோட்டை அந்நிய ஐரோப்பியரால் தாக்கப்படும் ஆபத்துக்கு எதிராக லண்டனில் காப்பீடு எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். "கோட்டை வலுவற்றது என்பதை எங்களிடம் மறைத்தீர்" என்று காப்பீடு அளித்தவர் பணம் தர மறுத்தார். 1766இல் வழக்கைத் தீர்த்த நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு, ஒரு தரப்பு மட்டுமே அறிந்த செய்தியை மறைப்பது ஒப்பந்தத்தை முறிக்கும் என்றும், அந்தக் கடமை இருதரப்புக்கும் பொது என்றும் வகுத்துரைத்தார். காப்பீடு அளித்தவர் தாமே அறிந்திருந்ததையும் அறியக்கூடியதையும் காரணம் காட்டித் தப்ப முடியாது என்று கூறியதால் கார்ட்டரே வென்றார்.

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் "சர்க்கரை நோய் உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, முன்பு அறுவைச் சிகிச்சை நடந்ததா" என்று கேட்கும் கேள்விகளின் பாட்டன் இந்த வழக்குதான். விற்கும் பொருளின் குறையை மறைப்பது மோசடி என்று பிக்ஹில் படிக்கிறோம். இங்கே நம் உடலின் குறையை மறைப்பதும் அதே இனத்தைச் சேர்ந்தது. "இல்லைன்னு டிக் பண்ணிடுங்க பாய், ஒன்னும் ஆகாது" என்று முகவர் சொன்னால் கேட்காதீர்கள். பணம் கேட்கும் நாளில் அந்த முகவர் அருகில் இருக்க மாட்டார். அந்த டிக் மட்டும் இருக்கும்.

முன்பே இருந்த நோய் என்ற சொல்லும் இங்குதான் பொருள்படுகிறது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த அல்லது சிகிச்சை தந்த நோய் என்பது இந்தியாவில் இப்போதைய வரையறை. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், காத்திருப்புக் காலம் முடிந்தபின் அந்நோய்க்கும் காப்பு உண்டு. மறைத்தால் பாலிசியே ரத்தாகலாம். இதற்கு மறுபுறமும் உண்டு. 60 மாதங்கள் இடைவிடாமல் பாலிசியைத் தொடர்ந்தவரிடம், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி "நீ மறைத்தாய்" என்று நிறுவனம் சொல்ல முடியாது. இக்காலத்துக்கு மொரட்டோரியம் என்று பெயர். மான்ஸ்ஃபீல்ட் பிரபு சொன்ன இருதரப்புக் கடமையின் இக்கால வடிவம் இது.

டமாஸ்கஸ்: இப்னு ஆபிதீன் கண்ட 'ஸவ்கரா'

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஒப்பந்தம் உஸ்மானியத் துறைமுகங்களுக்கு வந்தது. டமாஸ்கஸின் ஹனஃபி பேரறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு 1836, ஹிஜ்ரி 1252) தமது 'ரத்துல் முஹ்தார்' நூலில் இதனை 'ஸவ்கரா' என்ற பெயரால் ஆராய்கிறார். காப்பு எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லின் அரபு உருவமே அது.

அவர் எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதே நமக்குப் பாடம். முதலில் ஒப்பந்தத்தை விவரிக்கிறார்: வணிகர் கப்பல் வாடகையைத் தருகிறார், அதற்கு மேல் அயல்நாட்டில் வாழும் ஒருவருக்கும் ஒரு தொகை தருகிறார், சரக்கு தீயாலோ மூழ்கியோ கொள்ளையாலோ அழிந்தால் அம்மனிதர் ஈடு செய்வார், நம் துறைமுகங்களில் அவருடைய முகவர் இருந்து பணத்தை வசூலிப்பார். அதன் பின் இது கூலிக்குக் காக்கும் அமானிதத்தைப் போன்றதா, வழித்துணைப் பொறுப்பைப் போன்றதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அவற்றிலிருந்து வேறுபடுவதைக் காட்டுகிறார். இறுதியாகவே, கடமையில்லாத ஒன்றைத் தன்மேல் சுமத்திக்கொள்ளும் ஒப்பந்தம் இது எனக் கூறி, அந்த ஈட்டுத்தொகையைப் பெறுவது ஆகாது என்கிறார்.

விவாதம் அத்துடன் முடியவில்லை. 1961இல் டமாஸ்கஸில் கூடிய பிக்ஹு மாநாட்டில் முஸ்தஃபா ஸர்கா காப்பீட்டை அனுமதிக்கலாம் என வாதிட்டார். முஹம்மது அபூ ஸஹ்ரா மறுத்தார். 1979இல் சூடானில் முதல் இஸ்லாமியக் காப்பீட்டு நிறுவனம் தோன்றியது. 1984இல் மலேசியா தகாஃபுல் சட்டம் இயற்றியது. 1985 டிசம்பரில் ஜித்தாவின் பன்னாட்டு பிக்ஹு மன்றம், நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீட்டில் ஒப்பந்தத்தைக் கெடுக்கும் அளவுக்குப் பெரிய 'கரர்', அதாவது நிச்சயமின்மை, உள்ளது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீடே மாற்று என்றும் தீர்மானித்தது. இக்கட்டுரை ஃபத்வா அன்று. அரசு தரும் காப்பீடு, வேலையால் கட்டாயமாகும் காப்பீடு, நாமே விரும்பி வாங்கும் காப்பீடு ஆகிய மூன்றும் மார்க்க அறிஞர்களிடம் ஒரே கேள்வியாக நிற்பதில்லை. உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள். கேட்கும்போது பாலிசிக் காகிதத்தையும் கொண்டு செல்லுங்கள்.

தொழிலாளரும் ஆசிரியரும்: காத்திருப்புக் காலம் ஏன்?

கப்பலிலிருந்து நோய்க்குக் காப்பீடு முழுமையாக இறங்கியது ஜெர்மனியில். பிஸ்மார்க் ஆட்சியில் 1883இல் இயற்றப்பட்ட நோய்க்காப்பீட்டுச் சட்டம் தொழிலாளர்களைக் கட்டாயமாகச் சேர்த்தது. தொகையில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். நோயுற்ற நாளுக்குப் பின் மூன்றாம் நாள் முதல் 13 வாரங்கள் வரை உதவித்தொகை கிடைத்தது. தொடக்க நாள்களுக்குப் பணமில்லை என்பது, சிறு உபாதைகளுக்கெல்லாம் நிதி கரைந்துவிடாமல் இருக்கப் போட்ட வேலி.

அமெரிக்காவில் 1929இல் டல்லஸ் நகரின் பேலர் மருத்துவமனைக்குப் பொறுப்பாளராக வந்த ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல் முன்பு பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்தவர். பள்ளி ஆசிரியர்களின் மருத்துவமனைக் கட்டணங்கள் செலுத்தப்படாமல் கிடப்பதைக் கண்டார். மாதம் 50 சென்ட் கட்டினால் ஆண்டுக்கு 21 நாள் மருத்துவமனைப் பராமரிப்பு என்ற திட்டத்தை ஆசிரியர்களுக்காக உருவாக்கினார். நாட்டின் பெரும் காப்பீட்டு அமைப்பாகிய 'ப்ளூ கிராஸ்' அதிலிருந்தே வளர்ந்தது. என் இனத்தாராகிய ஆசிரியர்களின் வறுமை இச்சொற்களின் வரலாற்றில் இடம்பெற்றதைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது.

கிம்பல் தனியாட்களைச் சேர்க்காமல் ஒரு பெருங்குழுவாக ஆசிரியர்களைச் சேர்த்ததில் ஒரு கணக்கு உண்டு. தனித்தனியே சேர அனுமதித்தால், நோய் வரப்போவதை உணர்ந்தவரே ஓடி வருவர்; நலமாக இருப்பவர் விலகுவர்; நிதி காலியாகும். குழுவாக அல்லாமல் தனியாட்களுக்கு விற்கும்போது இந்த ஆபத்தைத் தடுக்கும் வேலியே காத்திருப்புக் காலம். இந்தியாவில் இது மூவகை. பாலிசி தொடங்கிய முதல் 30 நாள்களில் விபத்தைத் தவிர மற்றவற்றுக்குப் பணமில்லை. குடலிறக்கம், கண்புரை, மூட்டு மாற்று போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். முன்பே இருந்த நோய்க்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். நோய் வந்தபின் பாலிசி தேடுவது பயனற்றது என்பதற்கு இதுவே காரணம்.

கோ-பே, டிடக்டிபிள்: யார் கையிலிருந்து எவ்வளவு?

முழுச் செலவையும் மற்றவர் கொடுத்தால் மனிதன் தேவைக்கு மேல் செலவழிப்பானா? இக்கேள்விக்கு விடை காண, 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் 'ராண்ட்' நிறுவனம் ஒரு பெருஞ்சோதனை நடத்திற்று. சில குடும்பங்களுக்கு முழு இலவசம். மற்றவர்கள் செலவில் 25, 50 அல்லது 95 விழுக்காட்டை ஓர் உச்சவரம்பு வரை தாமே தர வேண்டும். தம் கையிலிருந்து கொடுத்தவர்கள் குறைவாகவே மருத்துவரிடம் சென்றனர். ஆனால் அவர்கள் தேவையற்ற சிகிச்சையை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் சேர்த்தே குறைத்தனர் என்பது சோதனையின் மறுபக்க உண்மை. ஆகவே குறைந்த பிரீமியத்துக்காக அதிகப் பங்கை ஏற்பவர், நோய் வந்த நாளில் மருத்துவமனை வாசலில் தயங்கி நிற்க நேருமா என்பதையும் எண்ண வேண்டும்.

கோ-பே என்பது விழுக்காட்டுப் பங்கு. பத்து விழுக்காடு கோ-பே உள்ளவர் ஒரு லட்ச ரூபாய்க் கட்டணத்தில் 10,000 ரூபாயைத் தாமே தர வேண்டும். டிடக்டிபிள் என்பது தொடக்கப் படி. 25,000 ரூபாய் டிடக்டிபிள் என்றால் அத்தொகை வரை நம் பொறுப்பு. அதற்கு மேலுள்ளதே நிறுவனத்தின் பொறுப்பு. சப்-லிமிட் என்பது குறிப்பிட்ட சிகிச்சைக்கு மட்டும் வைக்கப்படும் உச்சவரம்பு. மொத்தக் காப்பீட்டுத் தொகை ஐந்து லட்சமாயினும், கண்புரைக்கு 40,000 என்று எழுதியிருந்தால் அதற்கு அவ்வளவே.

இந்தியாவில்: 1948 முதல் இன்றுவரை

நம் நாட்டில் முதலில் வந்தது தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய ஈ.எஸ்.ஐ. 1948இல் சட்டமாகி, 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் செயல்படத் தொடங்கியது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 1973இல் அரசுடைமையாகி நான்கு நிறுவனங்களாக ஒருங்கிணைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. இந்நான்கும் 1986இல் 'மெடிகிளைம்' என்ற பாலிசியைக் கொண்டுவந்தன. இன்றும் நம்மவர் எந்த மருத்துவக் காப்பீட்டையும் 'மெடிகிளைம்' என்றே அழைப்பது அதனால்தான்.

அப்போது நோயாளி முதலில் தம் பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதுகளை அனுப்பிப் பின்னர் பெற வேண்டியிருந்தது. இதுவே ரீஇம்பர்ஸ்மென்ட். நகையை அடகு வைத்து மருத்துவமனைக்குக் கட்டியவருக்குக் காப்பீடு இருந்தும் கடன் தப்பவில்லை. 2001இல் வந்த விதிகளின்படி டி.பி.ஏ. எனப்படும் இடைநிலை நிறுவனங்கள் தோன்றின. அவற்றின் வழியே கேஷ்லெஸ் முறை பரவிற்று. நிறுவனத்துடன் உடன்படிக்கை கொண்ட நெட்வொர்க் மருத்துவமனையில் காப்பீட்டுப் பங்கை நோயாளி முன்பணமாகக் கட்ட வேண்டியதில்லை. கேஷ்லெஸ் என்றால் முழுவதும் இலவசம் என்று பொருளன்று. கோ-பேயும் கழிவுகளும் இங்கேயும் உண்டு.

ஒவ்வொரு நிறுவனமும் ஒரே சொல்லுக்குத் தனித்தனிப் பொருள் கூறி வந்த குழப்பத்தை நீக்க, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் 46 சொற்களுக்குப் பொதுவான வரையறை அளித்தது. எளிய சொல்லாகத் தோன்றும் 'மருத்துவமனை' என்பதற்கும் அங்கே இலக்கணம் உண்டு. பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊரில் உள்நோயாளிகளுக்கான பத்துப் படுக்கைகளாவது இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் பதினைந்து. பொதுவாக 24 மணி நேரம் தங்கியிருந்தால்தான் 'உள்நோயாளி'. அவ்வளவு நேரம் தேவைப்படாத சிகிச்சைகள் 'டே கேர்' என்ற தனிவகை.

2011 அக்டோபர் முதல் போர்ட்டபிலிட்டி வந்தது. நிறுவனத்தை மாற்றினாலும் ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் வீணாகாது. 2024இல் மேலும் சில உரிமைகள் விரிந்தன. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு நான்கிலிருந்து மூன்று ஆண்டுகளாகவும், மொரட்டோரியம் எட்டிலிருந்து ஐந்து ஆண்டுகளாகவும் குறைந்தன. பாலிசிக் காகிதம் கிடைத்தபின் படித்துப் பார்த்துத் திருப்பித் தரும் ஃப்ரீ லுக் காலம் 30 நாள்களாயிற்று. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும் நாளில் இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்றும் ஆணையம் விதித்தது.

தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய அரசு உயிர்காக்கும் காப்பீடும், 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைக் குடும்பங்களுக்குத் தனியார் பிரீமியம் இல்லாத வாயிலைத் திறந்தன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் காட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். நம் மஹல்லாக்களில் தகுதி இருந்தும் பதிவு செய்யாத வீடுகள் இன்னும் உள்ளன.

மீண்டும் அந்தக் காகிதம்

இவ்வளவும் படித்தபின் தையற்கடைக்குச் சென்று அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் அமர்ந்து காகிதத்தை மீண்டும் வரிவரியாகப் படித்தோம். விகிதாசாரக் கழிவு மருந்துகளின் விலைக்கும் உடலுள் பொருத்தும் கருவிகளுக்கும் பரிசோதனைகளுக்கும் பொருந்தாது என்று ஆணையம் 2020இல் வரையறுத்துள்ளது. அவருடைய பாலிசியிலும் அது எழுதப்பட்டிருந்தது. ஆனால் மருந்துக்கான 30,000 ரூபாயிலும் பாதி வெட்டப்பட்டிருந்தது. அந்த விதியைச் சுட்டி நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம். சில வாரங்களில் 15,000 ரூபாய் அவருடைய கணக்கில் வந்தது. வராதிருந்தால் கட்டணமின்றி முறையிடக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

எஞ்சிய 55,000 ரூபாய் வரவில்லை. அது வராது, ஏனெனில் அவர் ஒப்புக்கொண்ட நிபந்தனை அது. 3,000 ரூபாய் அறையில் தங்கியிருந்தால் அந்தச் சுமையின் பெரும்பகுதி நேர்ந்திராது. "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா பொது வார்டுலகூட இருந்திருப்போம் ஹஜ்ரத்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது எங்கள் மத்ரஸாவில் மாதம் ஒருமுறை மஃரிபுக்குப் பின் ஓர் அமர்வு நடக்கிறது. விரும்புவோர் தத்தம் பாலிசிக் காகிதத்தைக் கொண்டு வருகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகளுக்கு விடை தேடுகிறோம்: அறை வாடகை வரம்பு எவ்வளவு? கோ-பே உண்டா? எந்த நோய்க்கு எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்? எந்தச் சிகிச்சைக்குத் தனி வரம்பு? நம் ஊரில் எந்த மருத்துவமனை நெட்வொர்க்கில் உள்ளது? விண்ணப்பத்தில் நம் நோய்கள் உண்மையாகக் குறிக்கப்பட்டுள்ளனவா? கொடுக்கல் வாங்கல் பாடத்தின் ஒரு பகுதியாக மூத்த மாணவர்களும் உடன் அமர்கிறார்கள்.

டமாஸ்கஸின் அப்பேரறிஞர் துறைமுக வணிகரின் புதிய ஒப்பந்தத்தை முதலில் முழுமையாக விளங்கிக்கொண்டார், பிறகே பேசினார். காப்பீட்டை ஏற்பவரும் மறுப்பவரும் அந்த முதற்படியையாவது அவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். நோயுற்ற ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தை அருள்வானாக.